வீட்டில் பார்ப்பதா, வீடியோவில் பார்ப்பதா: எது அவன்?

திருமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நீங்கள் எழுதியிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். நான் புரிந்துகொண்டது சரிதானா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் அண்ணன் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். வீட்டில் அதிர்ந்து பேசாதவன், அப்பத்தாவுக்கு வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுப்பவன். ஊர்ப் பொங்கலில் முளைப்பாரி கரைக்கப் போன இரவு, ஒரே நிறத்தில் பனியன் போட்ட முப்பது பையன்களோடு சேர்ந்து, அடுத்த தெரு முனையில் உள்ள டீக்கடையின் நாற்காலிகளை அடித்து நொறுக்கியிருக்கிறான். வயதான கடைக்காரரைத் தள்ளிவிட்ட கூட்டத்தில் அவன் கத்திக்கொண்டு நிற்பது வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவில் தெளிவாகத் தெரிகிறது. மறுநாள் உங்களிடம் வந்து, “எப்படிச் செஞ்சேன்னு எனக்கே தெரியலை அத்தை” என்று அழுதிருக்கிறான். சேர்க்கைதான் பிள்ளையைக் கெடுத்துவிட்டது என்கிறார் உங்கள் மதினி. இத்தனை நாளும் வீட்டில் நடித்திருக்கிறான், இதுதான் அவன் உண்மையான குணம் என்கிறார் உங்கள் அண்ணன். கோயம்புத்தூரில் ஒரு விடுதியில் சேர்த்துவிடலாமா என்றும் பேச்சு நடக்கிறது. இரண்டில் எது அவன் என்று கேட்டிருக்கிறீர்கள். இனி இவனை நம்பலாமா, நம்புவதென்றால் எதைப் பார்த்து நம்புவது என்பதே அந்தக் கேள்விக்கு அடியில் இருப்பதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் சமூக உளவியல் பாடத்தை நீண்ட காலம் நடத்தியவன். சிகிச்சை அளிக்கும் உளவியலாளர் அல்ல. உங்கள் பையனை நான் பார்த்ததும் இல்லை. ஆகவே அவன் எப்படிப்பட்டவன் என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன், யார் சொன்னாலும் நீங்கள் ஏற்கவும் வேண்டாம். அப்படியொரு இரவில் பத்தொன்பது, இருபது வயதுப் பையன் ஒருவன் மேல் என்னென்ன வேலை செய்கின்றன, அவற்றில் எவை நன்றாக நிறுவப்பட்டவை, எவை இன்னும் சர்ச்சையில் இருப்பவை என்பதைச் சொல்ல முடியும்.

உங்கள் அண்ணனும் மதினியும் எதிரெதிராகப் பேசுவதுபோல் தெரிந்தாலும் இருவரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். குணம் ஒன்று, சூழ்நிலை ஒன்று, இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று இருவருமே எண்ணுகிறார்கள். இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான குர்ட் லெவின் 1936-இலேயே இதை வேறு விதமாக வகுத்தார். ஒருவரின் நடத்தை அவரும் அவர் நிற்கும் சூழலும் சேர்ந்து விளைவிப்பது. ஒன்றை விட்டு மற்றதை அளக்க முடியாது என்றார். அப்பத்தாவின் கட்டிலருகே உட்கார்ந்திருப்பவனும் டீக்கடை முன்னால் நின்றவனும் ஒரே பையன்தான். இருவரில் யாரும் வேடம் போடவில்லை. அப்பத்தா இருக்கும் அறை அவனிடம் ஒன்றைக் கேட்கிறது, முப்பது பேர் நிற்கும் தெரு வேறொன்றைக் கேட்கிறது. இரண்டுக்கும் கொடுக்க அவனிடம் ஏதோ இருந்திருக்கிறது. எந்த இடத்தில், யார் பக்கத்தில் இருக்கும்போது, எதைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அவன் எப்படி ஆகிறான் என்று கேட்டால்தான் பதிலுக்கு அருகில் போக முடியும்.

மனிதரின் செயலுக்குக் காரணம் தேடும்போது நாம் எவ்வளவு எளிதாகக் குணத்தின் மேல் போய் விழுகிறோம் என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. 1967-இல் ஜோன்ஸ், ஹாரிஸ் என்ற இருவர் அமெரிக்க மாணவர்களிடம் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளைக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்று எழுதியவருக்கு முன்கூட்டியே கட்டளை இடப்பட்டது எனச் சொன்ன பிறகும், எழுதியதுதான் அவர் சொந்தக் கருத்து என்று படித்தவர்கள் கருதும் போக்கு முற்றாக நீங்கவில்லை. நம் பக்கத்து மக்கள் இதில் சற்று வேறுபட்டவர்கள். ஜோன் மில்லர் சிகாகோவிலும் மைசூரிலும் நடத்தி 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களை ஒப்பிட்டபோது அமெரிக்கர்கள் குணத்தையே அதிகம் காரணமாகச் சொன்னார்கள். மைசூர்க்காரர்கள் சூழ்நிலையை, உறவை, கடமையை அதிகம் சொன்னார்கள். சிறு பிள்ளைகளிடம் இந்த வேறுபாடு பெரிதாக இல்லை, வயது ஏற ஏறத்தான் விரிந்தது. அப்படியானால் நாம் நியாயமானவர்கள் என்று மகிழ்ந்துவிட வேண்டாம். தென்னிந்தியாவில் டெய்லர், ஜக்கி என்ற இருவர் 1974-இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. இந்து எழுத்தர்கள், இந்து ஒருவர் நல்லது செய்தால் அவர் குணம் என்றும், தவறாக நடந்தால் நிலைமை அப்படி என்றும் விளக்கினார்கள். முஸ்லிம் ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது இதைத் தலைகீழாக்கினார்கள். சூழ்நிலை என்ற சலுகையை நாம் நம்மவர்களுக்கு மட்டும் வழங்குகிறோம். அதே வீடியோவில் அடுத்த தெருப் பையன் நின்றிருந்தால் உங்கள் வீட்டில் என்ன பேசியிருப்பீர்கள் என்பதை ஒருமுறை நேர்மையாக எண்ணிப் பாருங்கள். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இந்தக் கணக்கு சரியில்லாமல் இருக்கும்வரை உங்கள் பையனைப் பற்றிய கணக்கும் சரியாக வராது.

இனி அந்த இரவுக்கு வருகிறேன். சுற்றியிருப்பவர்களின் ஒருமித்த பேச்சு தனி மனிதரை எவ்வளவு அசைக்கும் என்பதற்குச் சாலமன் ஆஷ் 1950-களில் செய்த கோட்டுச் சோதனைதான் இன்றும் முதல் சான்று. ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் உள்ள மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்பார்கள். விடை கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். ஆனால் முன்னால் பதில் சொல்பவர்கள் எல்லாரும் ஆய்வாளரின் ஆட்கள். குறிப்பிட்ட முறைகளில் அவர்கள் ஒரே குரலில் தவறான விடையைச் சொல்வார்கள். அந்த முறைகளில் உண்மையாகச் சோதிக்கப்பட்டவர்கள் சொன்ன விடைகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவை கூட்டத்தின் தவறோடு ஒத்துப்போயின. தனியாக விடையளித்தவர்களோ கிட்டத்தட்ட பிழையே செய்யவில்லை.

இதைப் பாடமாக நடத்தும்போது வகுப்பில் செய்து காட்டுவேன். சாட் தாளில் கறுப்பு மையால் கோடுகள். ஏழு பேரிடம் முன்பே சொல்லிவைத்திருப்பேன், எட்டாவதாக உட்காருபவருக்கு மட்டும் தெரியாது. முதல் இரண்டு தாள்களில் எல்லாரும் சரியாகச் சொல்வார்கள். மூன்றாவது தாளில் விடை மூன்று என்பது பின் வரிசைக்கும் தெரியும். ஆனால் “ரெண்டு, ரெண்டு, ரெண்டு” என்று வரிசையாகக் குரல் வரும். எட்டாவது மாணவர் முதலில் சிரிப்பார், பிறகு கழுத்தைச் சாய்த்துத் தாளைப் பார்ப்பார், கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார், பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பார். தன் முறை வரும்போது குரல் இறங்கியிருக்கும். “ரெண்டு சார்.” பின்னர் உண்மையைச் சொல்லிவிட்டுக் கேட்டால் வரும் பதில்களில் ஒன்று என் மனத்தில் நிற்கிறது: “மூணுன்னுதான் தெரிஞ்சது சார். எல்லாரும் சொல்றப்ப, நான் மட்டும் கோணலா உக்காந்திருக்கேனோன்னு நினைச்சேன்.” வகுப்பறையில் நடப்பதை ஆய்வு என்று எண்ணிவிடக் கூடாது, அது விளக்கம் மட்டுமே. ஆனால் ஆஷும் தம் ஆட்களிடம் இதே இரண்டு வகையினரைக் கண்டார். தவறு என்று தெரிந்தும் தனித்துத் தெரிய வெட்கப்பட்டவர்கள் ஒரு வகை. தன் கண்ணையே சந்தேகித்தவர்கள் மற்றொரு வகை. ‘எப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை’ என்று உங்கள் பையன் சொன்னதை முழுப் பொய் என்று தள்ளிவிட வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இந்தச் சோதனையில் பலரும் சொல்லாமல் விடும் பகுதிதான் உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது. ஏழு பேரில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், கூட்டத்துக்கு இணங்கிப்போவது ஏறக்குறையக் கால் பங்காகச் சுருங்கியது. விடையை வாய்விட்டுச் சொல்லாமல் எழுதிக் கொடுக்கச் சொன்னாலும் இணக்கம் வெகுவாகக் குறைந்தது. நால்வரில் ஒருவர் எந்த முறையிலும் கூட்டத்துக்கு இணங்கவே இல்லை. ஸ்டான்லி மில்கிராம் 1960-களின் தொடக்கத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையிலும் இதே அமைப்பு உண்டு. அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்அதிர்ச்சி கொடுப்பதாக நம்பிக்கொண்டு, அதிகாரி சொல்வதைக் கேட்டு 450 வோல்ட் வரை போனவர்கள் 40 பேரில் 26 பேர். உண்மையில் அதிர்ச்சி எதுவும் கொடுக்கப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த இருவர் நடுவில் மறுத்து எழுந்துகொண்ட மாற்றுச் சோதனையில், கடைசிவரை போனவர்கள் 40 பேரில் 4 பேர்தான். மனிதருக்கு அறிவுரையைவிட அதிகம் உதவுவது பக்கத்தில் நின்று மறுக்கும் இன்னொரு மனிதர் என்று இந்த இரண்டு ஆய்வுகளையும் வைத்து நான் தயங்காமல் சொல்வேன். அந்த முப்பது பேரில் கடைக்குள் போகாமல் பின்வாங்கி நின்ற பையன் யாராவது இருந்தானா என்று உங்கள் அண்ணன் மகனிடம் கேளுங்கள். அநேகமாக இருந்திருப்பான், வீடியோ எடுப்பவர்கள் அவனைக் காட்ட மாட்டார்கள்.

கூட்டம் சேர்ந்தாலே மனிதருக்குப் புத்தி மழுங்கிவிடும் என்று சொல்வது பழைய கருத்து. 1895-இல் குஸ்தாவ் லெ பான் என்ற பிரெஞ்சுக்காரர் அதைப் பிரபலமாக்கினார், இன்றும் செய்தித்தாள்கள் அதையே எழுதுகின்றன. சான்றுகள் அதன் பக்கம் இல்லை. பிரிட்டனில் பிரிஸ்டல் நகரின் செயின்ட் பால்ஸ் பகுதியில் 1980-இல் நடந்த கலவரத்தை ஸ்டீஃபன் ரைக்கர் ஆராய்ந்தபோது, கூட்டம் போலீஸையும் வங்கி போன்ற சில கட்டடங்களையும் குறிவைத்துத் தாக்கியதையும், குடியிருப்புகளை விட்டுவிட்டதையும், தன் பகுதி எல்லையைத் தாண்டிப் போகாததையும் கண்டார். கூட்டத்துக்கு எல்லை தெரிந்திருந்தது. நாம் யார், அவர்கள் யார் என்பதும் தெரிந்திருந்தது. முகம் தெரியாத நிலையில் மனிதர் கட்டற்றுப் போவார்கள் என்ற கொள்கையைச் சோதித்த அறுபது ஆய்வுகளைத் திரட்டி 1998-இல் வெளியான கணக்கீடும், அந்த இடத்தில் எந்த நடத்தை பொருத்தம் என்று கூட்டம் எண்ணுகிறதோ அதை நோக்கியே மனிதர் போகிறார்கள் என்ற முடிவுக்கே வந்தது.

மதுரைக்காரர்களுக்கு இதை நிரூபிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. சித்ரா பௌர்ணமியன்று விடியற்காலையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது வைகையின் இரு கரையிலும் லட்சக்கணக்கான பேர் தோளோடு தோள் உரச நிற்கிறார்கள். தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுபவர், மொட்டை போட்ட தலையோடு நிற்பவர், நீர்மோர்ப் பந்தலில் யாரென்று கேட்காமல் டம்ளரை நீட்டுபவர், முன்பின் தெரியாதவரின் குழந்தையைத் தூக்கித் தன் தோளில் வைத்துச் சாமியைக் காட்டுபவர் எல்லாரும் கூட்டம்தான். பிரயாகையில் மாக மேளா என்ற நீராடல் திருவிழாவுக்குப் போய் ஒரு மாதம் குளிரிலும் இரைச்சலிலும் தங்கியவர்களை, ஊரிலேயே இருந்தவர்களோடு ஒப்பிட்டு 2012-இல் வெளியான ஆய்வு, போய் வந்தவர்களின் உடல்மன நலம் மேம்பட்டதாகத் தெரிவித்ததைக் காட்டுகிறது. கூட்டம் மனிதரை மேலேயும் தூக்கும். 2022-இல் ஆற்றங்கரை நெரிசலில் இரண்டு பேர் இறந்ததை நான் மறக்கவில்லை. ஆனால் நெரிசல் மரணங்களுக்குப் பெரும்பாலும் இடத்தின் கொள்ளளவும் வழி அடைபடுவதும் காரணமே ஒழிய, மக்களின் புத்தி கெடுவது காரணமாக இருப்பதில்லை. ஆகவே உங்கள் பையன் கூட்டத்தில் தன்னை மறந்துவிட்டான் என்று நிறுத்திக்கொள்ள முடியாது. ஊர்வலம் போன வழியில் உங்கள் தெருவிலும் டீக்கடை இருந்திருக்கும். அங்கே ஒரு நாற்காலியும் உடையவில்லை.

எனவே நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றை நான் கேட்டாக வேண்டும். அந்த அடுத்த தெரு யாருடைய தெரு? நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று உங்களுக்கும் தெரியும், இதைப் படிக்கும் எல்லாருக்கும் தெரியும். அது வேறு சாதித் தெருவாக இருந்தால், அன்றைய இரவின் சூழ்நிலை அன்றைக்கு மாலையில் தொடங்கியதாக இருக்காது. சிறுவயது முதல் எந்தக் கடையில் டீ குடிக்கலாம், எந்தப் பையனோடு விளையாடலாம் என்று வீடும் தெருவும் சொல்லாமல் சொல்லி வளர்த்தது எல்லாம் அந்தப் பனியனின் நிறத்தில் வந்து சேர்ந்திருக்கும். ஓக்லஹோமாவில் 1954-இல் முசாஃபர் ஷெரிஃப், ஒருவரை ஒருவர் அறியாத 22 சிறுவர்களை இரண்டு அணிகளாகப் பிரித்து முகாமில் வைத்தபோது, பெயரும் கொடியும் போட்டியும் மட்டுமே சில நாட்களில் கொடி எரிப்பு, தங்குமிடச் சூறை வரை கொண்டுபோயின. அந்த ஆய்விலும் ஒரு குறை உண்டு: முந்தைய ஆண்டு அவர் நடத்திய இன்னொரு முகாமில் சிறுவர்கள் சண்டை போட மறுத்துவிட்டார்கள், அது அதிகம் பேசப்படவில்லை. பிரித்தாலே பகை வந்துவிடும் என்று அடித்துச் சொல்ல முடியாது. பெரியவர்கள் அந்தப் பிரிவுக்கு என்ன தீனி போடுகிறார்கள் என்பதும் சேர வேண்டும். சாதி விஷயத்தில் ஹாஃப், பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமத்துச் சிறுவர்களிடம் செய்து 2006-இல் வெளியிட்ட சோதனை என்னை மிகவும் பாதித்த ஒன்று. பெயரும் சாதியும் சொல்லாமல் புதிர்ப்பாதைகளை வரைந்து தீர்க்கச் சொன்னபோது இரு சாதிச் சிறுவர்களும் ஏறக்குறையச் சமமாகச் செய்தார்கள். எல்லார் முன்னிலையிலும் சாதியை உரக்கச் சொல்லிவிட்டுக் கொடுத்தபோது, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களின் தேர்ச்சி இறங்கியது. அறிவு மாறவில்லை, அறை மாறியது. பள்ளிகளில் சாதி நிறக் கயிறுகளைத் தடுக்க வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024-இல் பரிந்துரைத்தபோது, கயிற்றில் என்ன இருக்கிறது என்று சிலர் பேசினார்கள். கயிறும் பனியனும் செய்வது அந்த உரக்கச் சொல்லும் வேலையைத்தான்.

இந்த இடத்தில் சிலர் நம்பிக்கை இழந்துவிடுவார்கள், ஊறிப்போனதை என்ன செய்ய முடியும் என்று. நம் மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டபோது, 1996 முதல் பத்து ஆண்டுகள் அங்கே ஒழுங்கான தேர்தல் நடக்க முடியவில்லை. மனு போட ஆள் வரமாட்டார்கள். வந்து வென்றாலும் உடனே பதவி விலகச் செய்துவிடுவார்கள். ஊரே ஒரே மனமாக எதிர்க்கிறது என்றுதான் வெளியில் எல்லாரும் எண்ணினார்கள். 2006-இல் மாவட்ட ஆட்சியர் உதயச்சந்திரன் காலத்தில் அதிகாரிகள் ஊர் ஊராக உட்கார்ந்து பேசி, அக்டோபரில் தேர்தல் நடந்து முடிந்தது. அதனால் மனங்கள் மாறிவிட்டன என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்துகொண்டு, எல்லாரும் ஒரே கருத்து என்று நம்பிக்கொண்டிருக்கும் நிலை எவ்வளவு காலம் நீடிக்கும், வெளி ஏற்பாடு மாறினால் எப்படி இளகும் என்பதை நம் மாவட்டத்திலேயே பார்த்திருக்கிறோம்.

பெரியவர்கள் பத்துப் பேர் அங்கே நின்றும் ஒருவரும் தடுக்கவில்லையே என்று நீங்கள் வருந்தியிருந்தீர்கள். இதில் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். 1964-இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொல்லப்பட்டதை 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்ற கதை பாடப்புத்தகங்களில் இன்னும் இருக்கிறது. அது மிகைப்படுத்தப்பட்ட செய்தி என்று பின்னர் வெளிப்பட்டுவிட்டது. ஆனால் அந்தச் செய்தியைக் கேட்டு டார்லியும் லாட்டானேயும் 1968-இல் செய்த சோதனை வலுவானது: பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவதைக் கேட்டவர், தான் மட்டுமே கேட்பதாக நினைத்தால் 85 விழுக்காட்டினர் உடனே உதவி தேடிப் போனார்கள், இன்னும் நால்வர் கேட்பதாக நினைத்தால் 31 விழுக்காட்டினரே போனார்கள். பொறுப்பு பலர் மேல் பரவி, யார் தலையிலும் நிற்காமல் போகிறது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப்டவுன் நகரத் தெருக் கேமராக்களில் பதிவான 219 சண்டைகளைப் பார்த்து 2019-இல் வெளியான ஆய்வில், 91 விழுக்காட்டில் குறைந்தது ஒருவராவது குறுக்கே போயிருந்தார். தனி மனிதரின் தயக்கமும் உண்மை, கூட்டத்தில் யாராவது ஒருவர் முன்வருவதும் உண்மை. உங்கள் ஊரில் அந்த ஒருவர் வராததற்குப் பையன்களை எதிர்த்தால் சொந்தத் தெருவில் பெயர் கெடும் என்ற அச்சம் காரணமாக இருந்திருக்கலாம். இது என் ஊகம்தான்.

ஜிம்பார்டோவின் சிறைச் சோதனையை யாராவது உங்களுக்கு உதாரணமாகச் சொல்வார்கள், அதை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம். 1971-இல் ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்து ஆறே நாளில் நிறுத்தப்பட்ட சோதனை அது. கடுமையாக நடந்துகொள்ளும்படி காவலர்களுக்கு அறிவுறுத்தல் கொடுக்கப்பட்டது பதிவுகளில் வெளிப்பட்டுவிட்டது. உடுப்பைப் போட்டாலே மனிதன் மிருகமாகிவிடுவான் என்று அதிலிருந்து முடிவு கட்ட இயலாது.

இப்போது நடக்கப்போகும் வாரங்கள் அந்த இரவைவிட முக்கியம் என்பது என் கருத்து. மனிதர் செய்த செயலுக்கும் தன்னைப் பற்றி வைத்திருக்கும் எண்ணத்துக்கும் இடையே முரண் ஏற்பட்டால், செயலைத் திரும்பப் பெற முடியாததால் எண்ணத்தை மாற்றிக்கொள்வார்கள் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-இல் விளக்கினார். இந்தக் கொள்கையைச் சோதித்த சில முறைகள் அண்மையில் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து திரும்பச் செய்தபோது எதிர்பார்த்தபடி முழுமையாக வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தன் செயலுக்கு நியாயம் தேடும் போக்கு மறுக்க முடியாதது. இன்று அழும் பையன் இரண்டு வழியில் போகலாம். ‘நான் தப்புச் செய்தேன், இனி அங்கே நிற்க மாட்டேன்’ என்பது ஒரு வழி. ‘அவனுக ரொம்பத் துள்ளுனானுக, வாங்கிக்கிட்டானுக’ என்பது இன்னொரு வழி. இரண்டாவது வழி அவனுக்கு வலியைச் சீக்கிரம் குறைக்கும், நண்பர்களும் அதையே நீட்டுவார்கள். வீட்டில் யாராவது “அவங்களும் லேசுப்பட்டவங்களா” என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் அதைப் பிடித்துக்கொள்வான். ‘இவன் பிறவியிலேயே இப்படித்தான்’ என்று அப்பா சொல்வதும் அதே அளவு கெடுதல். அப்படிப்பட்டவனுக்குத் திருந்த இடமே இல்லை. தயவுசெய்து இந்த இரண்டு பேச்சையும் வீட்டில் நிறுத்தச் சொல்லுங்கள்.

அவன் அந்த டீக்கடைக்குப் போக வேண்டும். காவல் நிலையத்தில் புகார் இருந்தால் முதலில் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டு, அண்ணனோடும், இரண்டு தெருவுக்கும் பொதுவான பெரியவர் ஒருவரோடும், கடைக்காரருக்குச் சம்மதம் என்றால் மட்டும் போகட்டும். உடைந்த நாற்காலிகளுக்கான பணத்தைப் பையன் தன் உழைப்பில் சம்பாதித்துக் கொடுக்கட்டும். அண்ணன் எடுத்துக் கொடுத்துவிட்டால் அது அண்ணனுடைய செயலாகிவிடும். மன்னிப்பைக் கேட்கத்தான் அவனுக்கு உரிமை உண்டு, அதை ஏற்பதும் மறுப்பதும் கடைக்காரர் விருப்பம். தள்ளப்பட்டவர் அவர், நம் பிள்ளையின் மனம் லேசாவதற்கு அவரைக் கருவியாக்கிவிடக் கூடாது.

மற்ற பையன்களை விட்டுவிட்டு இவனை மட்டும் திருத்துவதும் கடினம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இறைச்சித் தட்டுப்பாடு வந்தபோது, ஆட்டு மாட்டு உள்ளுறுப்புகளைச் சமைக்கும்படி அமெரிக்கக் குடும்பப் பெண்களை இணங்கவைக்க லெவின் இரண்டு வழிகளை ஒப்பிட்டார். நமக்கு ஈரலும் குடலும் விரும்பிச் சாப்பிடுபவை. அங்கே அவற்றை ஒதுக்கிவைத்திருந்தார்கள். நல்ல சொற்பொழிவைக் கேட்டவர்களில் 3 விழுக்காட்டினர் சமைத்தார்கள். சிறு குழுவாக உட்கார்ந்து தாங்களே பேசி, கையைத் தூக்கி முடிவெடுத்தவர்களில் 32 விழுக்காட்டினர் சமைத்தார்கள். அந்த முப்பது பேரின் பெற்றோர்களில் ஐந்து பேரையாவது பிடித்து, பையன்களை ஓரிடத்தில் உட்காரவைத்து, அடுத்த ஆண்டு ஊர்வலம் எந்த வழியில் போகும், யார் முன்னால் நிற்பார், பனியன் வேண்டுமா, குடித்துவிட்டு வருபவரை யார் வீட்டுக்கு அனுப்புவது என்று அவர்களையே பேசி முடிவெடுக்க விடுங்கள். பெரியவர்கள் ஒலிபெருக்கியில் புத்தி சொல்வதைவிட இதற்குப் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

சூழ்நிலையைப் பற்றி இவ்வளவு சொன்னதால் அவன்மேல் குற்றமில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆஷின் மேசையில் நால்வரில் ஒருவர் இணங்கவில்லை. மில்கிராமின் அறையில் 14 பேர் நடுவில் எழுந்துகொண்டார்கள். எத்தனை பேர் இணங்குவார்கள் என்பதை ஆய்வுகள் ஓரளவு சொல்லும், அதில் ஒருவராக இருப்பதா வேண்டாமா என்பது அந்தந்த ஆளின் கையில் இருக்கிறது. உங்கள் பையன் அன்று தவறான பக்கம் நின்றான். அடுத்த முறை எந்தப் பக்கம் நிற்பான் என்பதை என்னால் சொல்ல இயலாது. அவன் பக்கத்தில் மறுக்கக்கூடிய ஒரு நண்பன் இருந்தால் வாய்ப்பு நல்ல பக்கம் கூடும் என்று மட்டும் சொல்லலாம்.

கோயம்புத்தூர் விஷயத்தில் என் எண்ணம் இது. இடம் மாறினால் இந்தக் கூட்டம் விலகும் என்பது சரி. ஆனால் விடுதியிலும் முதல் வாரத்திலேயே ‘நீ எந்த ஊரு, எந்த ஆளுக’ என்று கேட்டு ஒரு கூட்டம் தேடி வரும், ஊர் விட்டு வந்தவனுக்கு அதன் பிடி இன்னும் கூடுதலாகக்கூட இருக்கலாம். கடைக்காரரைப் பார்க்காமல் அவசரமாக அனுப்பினால், ஓடிவந்தவன் என்ற எண்ணம்தான் அவனோடு போகும். படிப்பு பாதியில் முறியாதபடி இந்த ஆண்டை முடிக்கட்டும். கடைக்குப் போய் வந்த பிறகும் அவனே போக விரும்பினால் அனுப்புங்கள், வேண்டாமென்றால் கட்டாயப்படுத்த வேண்டாம். இதற்கிடையில் தூக்கமில்லாமல், சாப்பிடாமல், தன்னை வெறுத்துப் பேசிக்கொண்டு இருந்தால் அதை என் போன்றவர்களின் பதிலால் சரிசெய்ய முடியாது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அல்லது அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நீங்களே அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் முதலில் உங்களிடம்தான் வந்து சொல்லியிருக்கிறான்.